பொருள்வயிற் பிரிவும் சிங்கைச் செலவுக் கணக்கும்

பிரிவு என்பது தமிழ் அகமரபில் ஒரு பெரும்பொருள். ஓதல், தூது, பகை ஆகியவை பற்றி நிகழும் பிரிவுகளோடு பொருள்வயிற் பிரிவையும் தொல்காப்பியம் எடுத்துரைக்கிறது. பாலைத்திணைப் பாடல்களில் பெரும்பகுதி இப்பிரிவைச் சுற்றியே அமைந்துள்ளது. பொருள் தேடச் செல்லும் தலைவன் தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். சுரத்தின் கொடுமையை எண்ணுகிறான். தலைவியின் கண்ணீரை எண்ணுகிறான். ஆயின், வழிக்கு எவ்வளவு ஆகும், போன இடத்தில் திங்கள்தோறும் என்ன செலவாகும், மீளும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பன பற்றி அப்பாடல்கள் பெரிதும் பேசுவதில்லை. புலவர்க்கு அது வேண்டியதும் அன்று. இன்று நம் வீடுகளிலிருந்து கடல் கடப்போர்க்கோ அக்கணக்கே முதலாவதாக வேண்டுவது.

ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் அடிவாரத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர், பட்டம் பெற்ற ஓரிரு ஆண்டுகளில் சிங்கப்பூர் என்னும் பெயரை உச்சரிக்கத் தொடங்குகின்றனர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாடு. விமானத்தில் ஏறினால் நான்கு மணி நேரப் பயணம். சென்றவர் கட்டிய வீடு தெருவில் நிற்கிறது. ஆதலின் ஆசை இயல்பே. ஆனால் அவர்கள் சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிச் சொல்கின்றனர்; செலவை ரூபாயாகப் பெருக்கிச் சொல்வோர் அரியர். இக்கட்டுரை அந்த இரண்டாவது பெருக்கலைச் செய்து பார்க்கும் முயற்சியாகும்.

வெள்ளி என்னும் சொல்

சிங்கப்பூர்த் தமிழர் தம் நாட்டு டாலரை ‘வெள்ளி’ என்றே வழங்குவர். வெள்ளி நாணயம் புழங்கிய காலத்தின் எச்சம் அச்சொல். சேலத்தார்க்கு வெள்ளி என்றதும் செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளே நினைவுக்கு வரும். அங்கே எடை போடாமல், மாற்றுப் பார்க்காமல் எவரும் வெள்ளியை வாங்குவதில்லை. சிங்கை வெள்ளிக்கு மட்டும் அந்த எச்சரிக்கை நம்மிடம் இல்லாமற் போவது வியப்பே. இக்கட்டுரையில் ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று கொண்டுள்ளேன். நாணய மாற்று மதிப்பு ஏறும், இறங்கும். 65 என்பது கணக்கிடுவதற்காகக் கொண்ட எண்ணே. அவ்வாறே வாடகை, உணவு முதலியவற்றுக்குத் தரும் தொகைகளும் அண்மை ஆண்டுகளின் நடைமுறையை ஒட்டிய மதிப்பீடுகளே. படிப்போர் தம் காலத்து விலையை இட்டு நிரப்பிக்கொள்ளலாம். கணக்கின் வழி மாறாது.

அந்நகரில் எல்லாம் ஏன் விலை கூடி இருக்கிறது என்பதை அடிவாரத்தில் வாழ்வோர்க்கு விளக்குவது எளிது. கீழே விற்கும் அரிசியும் பருப்பும் சிமெண்டும் மலைமேல் ஏறியவுடன் ஏற்றுக்கூலியைச் சேர்த்துக்கொள்கின்றன. சிங்கப்பூர் அத்தகையதொரு மலை. தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் அது பிற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. இடமோ மிகக் குறைவு. சேலம் மாவட்டம் 5,200 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது; 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 35 லட்சம் பேர். சிங்கப்பூரின் பரப்பு அதில் ஏழில் ஒரு பங்கு. 2024இல் அங்கு வாழ்ந்தோர் 60 லட்சம் பேர். எனவே சோற்றுக்கு ஆகும் செலவைக் காட்டிலும், படுத்து உறங்கும் இடத்துக்கு ஆகும் செலவே அந்நகரில் மனிதரை அழுத்துகிறது. 2024ஆம் ஆண்டு சனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடாயிற்று என்பதையும் சேர்த்துக்கொள்க.

கடனுக்குக் கால் முளைத்த கதை

கடல் கடந்து வேலைக்குச் செல்வதும் அதற்குக் கடன்படுவதும் நம் மாவட்டத்துக்குப் புதியன அல்ல. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டனர். புறப்படும்போது கங்காணி முன்பணம் கொடுப்பார். வழிச்செலவும் உணவும் உடையும் அம்முன்பணத்தின்மேல் ஏறும். தோட்டம் சேரும்போது தொழிலாளி தலையில் ஒரு கடன் இருக்கும். அவர் பார்க்கப்போகும் வேலைக்கு முன்பே கடன் பயணம் செய்து முடித்திருக்கும்.

அவர் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால் ‘துண்டு’ என்னும் சீட்டு எழுதப்படும். இன்ன கடனைச் செலுத்துவார்க்கு இவரை விடுவிக்கிறோம் என்பது அதன் பொருள். புதிய தோட்டத்தார் கடனைக் கட்டுவர், தொழிலாளி கைமாறுவார், கடன் அவரோடு கூடவே போகும். இத்துண்டு முறை இலங்கையில் 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவில் அதற்கு முன்பே வேறொரு வழி கண்டனர். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் அனைவரும் பணம் செலுத்த வேண்டும். கப்பற் கட்டணம் அந்நிதியிலிருந்து செல்லும். தொழிலாளி கடனின்றிக் கரையிறங்க வேண்டும் என்பது அவ்வேற்பாட்டின் கருத்து. முதலாளிகள் இதனைக் கருணையால் செய்தார் அல்லர். ஆள் தேவை அவ்வளவு இருந்தது. ஆயினும் கருத்து நல்ல கருத்தே. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ரஜூலா கப்பலை நம் முதியோருள் சிலர் இன்றும் நினைவுகூர்வர். அதன் மேல்தளத்தில் பாயும் தகரப்பெட்டியுமாய்ச் சென்றோருள் எத்தனையோ பேர் கையில் காசு குறைவு, கடனும் குறைவு.

இன்றைய நிலை தலைகீழானது. அன்று முன்பணம் தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்டது; இன்று வேலை கிடைப்பதற்குத் தொழிலாளியே முன்பணம் கொடுக்கிறார். ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்கு நகை அடகுக்குப் போகிறது. போதாதென்றால் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று மாதவட்டிக்குப் பணம் வருகிறது. துண்டுச் சீட்டை எழுதுவார் இல்லை. அதனைச் சுமப்பவர் இருக்கிறார்.

இவ்விடத்தில் சட்டம் சொல்வதை அறிந்துகொள்வது கடமை. இந்தியாவில் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற முகவர், வேலைக்குச் செல்வோரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய பொருள் சேவை வரியுமே பெறலாம் என்று வரம்பு வகுக்கப்பட்டது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற அளவில், எத்தனை ஆண்டாயினும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல் பெறலாம். வேலை கொடுக்கும் நிறுவனமோ, வேலை கொடுத்ததற்காக ஒரு காசும் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. வாங்கினால் அது அந்நாட்டில் குற்றம். வெளிநாட்டார்க்காக நிறுவனம் அரசுக்குச் செலுத்தும் தீர்வையும், ஒர்க் பெர்மிட் தொழிலாளிக்காகக் கொடுக்கும் 5,000 வெள்ளிப் பிணையும், மருத்துவக் காப்பீடும் நிறுவனத்தின் செலவுகளே. இவற்றின் பெயரைச் சொல்லி ஒருவர் பணம் கேட்டால், கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து வரலாம்.

இனி ஒரு கணக்கு. கட்டுமானத் தொழிலில் ஒர்க் பெர்மிட்டில் செல்லும் ஒருவர் மிகைநேர வேலையும் சேர்த்து மாதம் 900 வெள்ளி பெறுகிறார் என்று கொள்வோம். தங்குமிடத்தை நிறுவனம் தருகிறது. உணவுக்கு 180, தொலைபேசிக்கு 15, சோப்பு முதலிய சில்லறைக்கும் போக்குவரத்துக்கும் 60, எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்குவது 120. மிச்சம் 525 வெள்ளி. ரூபாயில் ஏறத்தாழ 34,000. வீட்டுச் செலவுக்கு 12,000 போனால் கடனுக்குச் செல்வது 22,000. அவர் 3 லட்சம் ரூபாயை நூற்றுக்கு இரண்டு மாதவட்டியில் வாங்கிச் சென்றிருந்தால், முதல் மாத வட்டி மட்டுமே 6,000. அக்கடன் முற்றும் தீர்வது 17ஆம் மாதத்தில். ஒப்பந்தம் 24 மாதம் என்றால் அவர் தமக்காக உழைப்பது கடைசி ஏழு மாதம் மட்டுமே. கடன் ஒன்றரை லட்சமாக இருந்திருந்தால் எட்டாம் மாதத்திலேயே தீர்ந்திருக்கும். 16 மாத உழைப்பு வீட்டுக்கு வந்திருக்கும். வட்டியில்லாமல் அதே 3 லட்சம் கிடைத்திருந்தால் 14ஆம் மாதத்தில் தீரும். அதாவது வட்டி மட்டுமே ஏறத்தாழ மூன்று மாத உழைப்பைத் தின்கிறது.

இக்கடைசி வரியைச் சமுதாயப் பெரியவர்கள் சற்று நின்று நோக்க வேண்டுகிறேன். நகையைப் பெற்றுக்கொண்டு வட்டியின்றிக் கடன் தரும் பைத்துல்மால்கள் தமிழகத்துக் கடற்கரை முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் நெடுநாளாக நடந்துவருகின்றன. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் தருவதுபோல, முறையான வேலை ஆணையைக் காட்டுவோர்க்குப் பயணக் கடனும் தரலாம். ஆணை உண்மையானதா என்று பார்த்துச் சொல்லவும் அவ்விடத்தில் ஒருவர் இருப்பார். என் மதிப்பீட்டில் கடனைக் காட்டிலும் இரண்டாவது உதவியே பெரிது.

சம்பளம் வரும்வரை 38 நாள்

பட்டதாரிகளிடம் வருவோம். பொறியியல், கணக்கியல், கணினித் துறைகளில் பயின்றோர் பெரும்பாலும் எஸ் பாஸ் அல்லது அதற்கு மேற்பட்ட எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்னும் அனுமதியில் செல்கின்றனர். 2025 செப்டம்பர் முதல் எஸ் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்போர்க்குக் குறைந்த அளவு மாதச் சம்பளம் 3,300 வெள்ளி. வயது ஏற ஏற இவ்வெல்லையும் ஏறும். நிதித்துறைக்கு இதனினும் கூடுதல்.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இத்தகைய ஆணையோடு துறைக்கு வந்தார். “ஐயா, மாதம் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் ரூபாய்” என்றார். பெருக்கல் சரியே. “தங்குவது எங்கே தம்பி?” என்று கேட்டேன். “கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன், ஐயா” என்றார். ஆணையை இருவரும் முதலிலிருந்து கடைசிவரை படித்தோம். தங்குமிடம் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. ஒர்க் பெர்மிட் தொழிலாளிக்குத் தக்க தங்குமிடம் இருப்பதை உறுதிசெய்வது நிறுவனத்தின் பொறுப்பு. எஸ் பாஸில் செல்வோரோ பெரும்பாலும் தாமே இடம் தேடிக்கொள்கின்றனர். அன்று ஒரு தாளில் நாங்கள் எழுதிய கணக்கையே சற்று விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் அறிய வேண்டியது, முதற் சம்பளம் எப்போது வரும் என்பது. மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டம். மாதத்தின் முதல் நாளில் வேலையில் சேர்ந்தவர் அடுத்த மாதம் 7ஆம் நாள்வரை காத்திருக்க நேரலாம். ஏறத்தாழ 38 நாள் கைப்பணத்தில்தான் வாழ வேண்டும். இருவர் பகிரும் அறையில் ஒருவர் பங்கு 500 வெள்ளி என்று கொள்வோம். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை வைப்புத்தொகையாகக் கேட்பது வழக்கம். ஆக முன்வாடகை 500, வைப்புத்தொகை 500. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வையும் உண்டு; மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு; ஓராண்டுக்கு 24 வெள்ளி. நாளொன்றுக்கு 14 வெள்ளி வீதம் உணவு 532. பேருந்து, இரயில் 130. தொலைபேசி 25. மெத்தை விரிப்பு, போர்வை, பாத்திரம் 150. கூட்டினால் 1,861. கைதவறும் செலவுக்கு மீதியை வைத்து 2,000 வெள்ளி எனலாம். ரூபாயில் 1,30,000. விமானச் சீட்டும் சான்றிதழ்ச் செலவும் மருத்துவச் சோதனையும் இதற்குப் புறம்பு. மாணவர் வீட்டில் இத்தொகையை யாரும் எண்ணியிருக்கவில்லை. விமானச் சீட்டுக்கே பணம் திரட்டியிருந்தனர்.

இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. பொருளிழந்த கோவலன் வாழ்வை மீட்க மதுரைக்குப் பெயர்ந்தான். தங்குமிடம் மாதரியின் மனையில் கிடைத்தது, உணவும் கிடைத்தது. ஆனால் அவனிடம் முதலாக இருந்தது சிலம்பு ஒன்றே. செலவுக்கு வேறு பணம் இல்லை. ஆகவே அறியாத நகரில், அறியாத கடைவீதியில், விலை விசாரிக்கவும் நேரமின்றி அதனை உடனே விற்கப் போக நேர்ந்தது. ஊழ்வினை என்று காப்பியம் சொல்லும். அதனை மறுக்க நான் வரவில்லை. எனினும் இரண்டு மாதக் கைச்செலவு அவன் மடியில் இருந்திருந்தால் முதற் பொற்கொல்லனிடமே நின்றிருக்க மாட்டான் என்று வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர் சிரிப்பர், ஆனால் அறிந்துகொள்வர். கைப்பணமின்றி இறங்கியவரே முதல்நாள் காட்டிய அறைக்கு இசைகிறார். சக ஊழியரிடம் கடன் கேட்கிறார். வட்டிக்கடைப் பலகையைத் தேடுகிறார்.

மாதந்தோறும் ஆகும் செலவு

இரண்டாம் மாதம் முதல் கணக்கு ஓர் ஒழுங்குக்கு வரும். பகிர்ந்த அறை 500. உணவு 430, கோப்பிக்கடையிலும் உணவங்காடி நிலையத்திலும் உண்போர்க்கு இது போதும், உணவகத்தில் அமர்ந்து உண்போர்க்கு இதனைப்போல் இரண்டு மடங்கும் போதாது. போக்குவரத்து 110. தொலைபேசி 20. துணி துவைத்தல், முடி வெட்டுதல், சில்லறை 90. வருமான வரிக்கென ஒதுக்குவது 45. ஊர் வந்து மீளும் பயணத்துக்கென 50. எதிர்பாராதவற்றுக்கு 155. மொத்தம் 1,400. மிச்சம் 1,900 வெள்ளி, ரூபாயில் 1,23,500.

தனி அறைதான் வேண்டும் என்றால் வாடகை 900 ஆகலாம். அப்போது மிச்சம் 1,500 வெள்ளி. தனிமைக்கு மாதம் 26,000 ரூபாய் விலை கொடுக்கிறோம் என்பது பொருள். அது தவறு என்று சொல்லமாட்டேன். இரவு முறை வேலை செய்பவர்க்கும் தேர்வுக்குப் படிப்பவர்க்கும் உறக்கம் கெட்டால் வேலையே கெடும். ஆனால் விலையை அறிந்து வாங்க வேண்டும். வீவக எனப்படும் அரசுக் குடியிருப்பு வீடுகளில் ஆறு மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக் கூடாது என்றும், ஒரு வீட்டில் இத்தனை பேரே தங்கலாம் என்றும் விதிகள் உண்டு. எட்டுப் பேர் தங்க வேண்டிய வீட்டில் பன்னிருவர்க்கு இடம் தருகிறோம், வாடகை பாதி என்று அழைப்பவரை நம்பி மூட்டையை இறக்கினால், ஓர் ஆய்வு நாளில் அனைவரும் வெளியேற நேரிடும்.

வரியைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டில் மாதச் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்வது வழக்கம். சிங்கப்பூரில் அவ்வாறு பிடிப்பதில்லை. சென்ற ஆண்டு வருமானத்துக்குரிய வரியை அடுத்த ஆண்டில் கேட்பர். 3,300 வெள்ளி பெறுபவர் அங்கு வரிக்குரிய வாசியாகக் கருதப்பட்டால் ஆண்டு வரி ஏறத்தாழ 500 வெள்ளியே. தொகை சிறிது; ஆனால் அறிவிப்பு வரும் மாதத்தில் அதனை எதிர்பார்க்காதவர்க்குப் பெரிது. வங்கி வழியாக 12 தவணையில் வட்டியின்றிக் கட்டலாம். வெளிநாட்டார்க்கு மத்திய சேமநிதிப் பிடித்தம் இல்லை. சம்பளம் முழுமையாகக் கைக்கு வருகிறது என்று பலர் மகிழ்வர். நிறுவனம் செலுத்த வேண்டிய பங்கும் இல்லை என்பதையும் உடன் எண்ண வேண்டும். இங்கே வேலை பார்த்திருந்தால் தானாகச் சேர்ந்திருக்கும் வருங்கால வைப்புநிதியை அங்கே தாமே தமக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாயிரம் வெள்ளியின் வறுமை

கடற்பயணத்தில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்னும் பொருள்பட ஒரு தொல்காப்பிய நூற்பாவுக்கு உரை கூறுவர். இன்றைய சிங்கப்பூரில் அந்நூற்பாவின் வேலையை மனிதவள அமைச்சின் சம்பள எல்லை செய்கிறது. மாதம் 6,000 வெள்ளிக்குக் குறையாத நிலையான சம்பளம் உடையவரே மனைவி மக்களுக்குச் சார்ந்திருப்போர் அனுமதி கேட்கலாம். ஆகவே 3,300 வெள்ளிக்காரர்க்கு இவ்வினாவே எழுவதில்லை. 6,000 பெறுபவர்க்கே வினா எழுகிறது. அதற்குக் கிடைக்கும் விடை எவரையும் திகைக்க வைக்கும்.

மாதம் 3,90,000 ரூபாய் என்று ஊரில் பேசப்படும் அச்சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளை ஒன்று, சிறு குழந்தை ஒன்று. வீவகச் சிறு வீடு முழுவதையும் வாடகைக்கு எடுத்தால் 2,800. மின்சாரம், தண்ணீர், இணையம் 250. உணவு 1,300. ஆசியான் நாடுகளைச் சேராத வெளிநாட்டுப் பிள்ளைக்கு அரசுத் தொடக்கப்பள்ளியிலும் மாதக் கட்டணம் 800 வெள்ளிக்கு மேல். இடம் கிடைப்பதும் உறுதியன்று. 900 என்று கொள்வோம். போக்குவரத்து 250. தொலைபேசி 50. குடும்பத்தின் மருத்துவத்துக்கு 150. வரிக்கு ஒதுக்குவது 190. மொத்தம் 5,890. மிஞ்சுவது 110 வெள்ளி. ஊருக்கு வந்துபோக நான்கு விமானச் சீட்டை இன்னும் எழுதவில்லை!

தனியாக வாழும் 3,300 வெள்ளிக்காரர் 1,900 மிச்சம் பிடிக்கிறார். குடும்பத்தோடு வாழும் 6,000 வெள்ளிக்காரர் 110 மிச்சம் பிடிக்கிறார். அயலகச் சம்பளத்தைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சில் இந்த ஒன்றுதான் விடுபட்டுப்போகிறது. பெண் கொடுப்போரும் கடன் கொடுப்போரும் சம்பளத்தைக் கேட்கின்றனர். மிச்சத்தைக் கேட்பாரைக் காணோம். மனைவியும் வேலை பார்ப்பார், ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். 2021 மே மாதம் முதல், சார்ந்திருப்போர் அனுமதியில் உள்ளவர் வேலை பார்க்கத் தமக்கெனத் தனி வேலை அனுமதி பெற வேண்டும். அதற்குரிய சம்பள எல்லை அவர்க்கும் உண்டு. ஓர் அறையை வேறொருவர்க்கு விட்டு வாடகையைக் குறைக்கலாம் என்பதும் ஆகாது. வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தவர் மேல்வாடகைக்கு விடுதல் கூடாது.

அப்படியானால் குடும்பத்தை அழைத்துச் செல்லவே கூடாதா? அவ்வாறு நான் சொல்லவில்லை. பிள்ளை தந்தையின் முகம் பார்த்து வளர்வதற்கு விலை போட முடியாது. ஆனால் சேமிப்புக்காகச் செல்கிறோம் என்று கூறிக்கொண்டு குடும்பத்தையும் அழைத்துச் சென்று, மூன்று ஆண்டு கழித்து ஊர்க்கடன் அப்படியே இருப்பதைக் கண்டு ஒருவரையொருவர் நொந்துகொள்ளும் இல்லங்களை அறிவேன். இரண்டில் ஒன்றைத் தெளிந்து கொள்வது நலம். பள்ளிப் பருவம் வராத குழந்தையோடு சில ஆண்டு ஒன்றாக வாழ்ந்துவிட்டுப் பின் குடும்பத்தை ஊருக்கு அனுப்புவோரும் உண்டு. மேற்கண்ட கணக்கில் அது மாதம் 900 வெள்ளியை மீட்டுத் தருகிறது.

பருவம் குறித்தல்

அகப்பாடல்களில் பிரியும் தலைவன் கணக்குச் சொல்லாவிட்டாலும் காலம் சொல்லிவிட்டே போகிறான். கார்காலம் வந்தால் மீள்வேன் என்பது அவன் வாக்கு. நம்மவர் காலம் சொல்வதில்லை; கடன் தீரட்டும் என்பர், பின் வீடு முடியட்டும் என்பர், தங்கை திருமணம் ஆகட்டும் என்பர். செலவுத் திட்டத்தில் தொகைக்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுத வேண்டும் என்பது என் துணிபு. கடன் இத்தனையாம் மாதத்தில் தீரும். அதன்பின் இத்தனை மாதத்தில் இவ்வளவு சேரும். அந்த மாதத்தில் மீள்வதா, தொடர்வதா என்று வீட்டார் கூடி முடிவு செய்வர் என்று எழுதிவைக்கலாம்.

வீட்டுக்கு வரும் பணத்துக்கும் ஒரு பாதை வேண்டும். வெளிநாட்டில் வாழ்பவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருத்தல் கூடாது. அதனை வெளிநாடு வாழ் இந்தியர்க்குரிய என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொண்டு, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்றைத் தொடங்க வேண்டும். பின்னதில் சேரும் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. சிங்கப்பூரின் பேநவ் முறையும் நம் யுபிஐ முறையும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைக்கப்பட்டதால், சிறு தொகைகளைத் தொலைபேசி வழியே அனுப்பும் வசதியும் ஏற்பட்டுள்ளது. அனுப்புவது எளிதானால் கேட்பதும் எளிதாகிவிடுகிறது என்பது இதன் மறுபக்கம். மேலே கண்ட மாணவர் வீட்டில் வரவு செலவைத் தாயார் ஒரு நோட்டில் எழுதுகிறார். மாதம் ஒருமுறை மட்டுமே பணம் வரும், இடையில் யாரும் கேட்கக் கூடாது என்பது அவ்வம்மையார் வகுத்த விதி. தந்தையும் அதற்குக் கட்டுப்பட்டவரே.

மீளும் மாதத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும். வெளிநாட்டார் ஒருவர் வேலையை விட்டு விலகும்போது, நிறுவனம் வரித்துறைக்கு ஒரு மாதம் முன்னதாகவே அறிவித்து, அவர்க்குத் தர வேண்டிய பணத்தை வரித் தீர்வு கிடைக்கும்வரை நிறுத்திவைக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். ஆகவே இறங்கிய மாதத்தைப் போலவே ஏறும் மாதத்திலும் சம்பளம் கைக்கு வராது. அம்மாதத்துக்குரிய 1,400 வெள்ளியை முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் வைத்த 500 வெள்ளி வைப்புத்தொகையும், அறையைச் சரிபார்த்துச் சாவியை ஒப்படைத்த பின்பே திரும்பும். இவ்விரு தொகைகளும் வந்துசேர அங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால், கணக்கை மூடுவதை எல்லாவற்றுக்கும் கடைசியான வேலையாக வைத்துக்கொள்ளலாம்.